மரியாதை தொண்ணூற்றேழு

என் அக்கா மகளுக்கு மனசுப் பரீட்சையில் எழுபத்துநாலு வந்த அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்காத குறைதான். கோகிலாக்கா போனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி என் போர்ஷனுக்கு மூச்சிரைக்க வந்தாள். "பூங்கொடி, மிதுனா எழுபத்திநாலு வாங்கியிருக்கறாடி. படிக்காமயே எழுதிப்போட்டா பாரு," என்றாள். அந்தப் பரீட்சையில் மார்க் ஏற ஏற ஆபத்து என்பது, மறுநாள் அளவை அலுவலகத்திலிருந்து நஸ்ரின் என்ற பெண் வீடு தேடி வந்து சொன்னபிறகுதான் எங்கள் மண்டையில் ஏறியது.

நஸ்ரினுக்கு இருபத்தைந்து வயசு இருந்தால் அதிகம். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, அக்கா கொடுத்த டீயை ஆறவிட்டுக்கொண்டே விளக்கினாள்.

"பதிமூணு வயசு ஆன எல்லாப் பிள்ளைங்களுக்கும் இப்ப இந்த அளவு எடுக்கறோமுங்க. சின்னச் சின்னதா படம் போட்டுக் காட்டுவோம். ஒடம்பு என்ன சொல்லுதுன்னு மெஷின் பாத்துக்கும். உனக்கு என்ன தோணுதுன்னு பிள்ளைகிட்டயும் வாயால கேப்போம். ஒடம்பு சொல்றதுக்கும் வாய் சொல்றதுக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ, அதுதான் மார்க்."

"இவ வாயால என்னதாங்க சொன்னா?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் ஒரே பதில்தானுங்க. 'ஒரு மாதிரி இருக்கு'ன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வம்சமே அப்படித்தானுங்க. எங்கப்பா போன அன்னைக்கு எங்கம்மாவும் இதத்தான் சொல்லுச்சு," என்றேன்.

நஸ்ரின் சிரிக்கவில்லை. அறுபதைத் தாண்டினால் சட்டப்படி சொல்திறன் குறைவு என்றாள். ஏன் இப்படி ஒரு சட்டம் என்றும் சொன்னாள். ஊர் ஊராகப் பிள்ளைகள் திடுதிப்பென்று உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பெற்றவர்களைக் கேட்டால், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பதிலாகச் சொல்ல ஒரு பொருள் வேண்டும் என்று இதைக் கண்டுபிடித்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், அதை நான் மறுக்கவில்லை.

அந்தப் பொருளைப் பையிலிருந்து எடுத்து மிதுனாவின் கையில் மாட்டினாள். சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம். அரசாங்கத்தில் அதற்கு உணர்மானி என்று பெயர், ஊரில் எல்லாரும் காப்பு என்பார்கள். தோல், நாடி, மூச்சு எல்லாவற்றையும் பார்த்து, பிள்ளை இப்போது என்ன உணர்கிறது என்பதை ஒரு சொல்லாகவும் ஓர் எண்ணாகவும் பெற்றவர்களின் போனுக்கு அனுப்பும்.

"ஆனா ஒவ்வொரு பிள்ளையோட ஒடம்பும் ஒவ்வொரு மாதிரிங்க," என்றாள் நஸ்ரின். "அதனால மொதல்ல நீங்கதான் இதுக்குப் பாடம் சொல்லித்தரணும். அப்பப்ப போன் மணி அடிக்கும், 'இப்போது மிதுனா என்ன உணர்கிறாள்?'னு கேக்கும். பக்கத்துல இருக்கறவங்க பாத்து, சரியான சொல்லத் தொட்டா போதும். ரெண்டு வாரத்துல கத்துக்கும்."

அக்காவின் போனில் சொற்கள் வரிசையாக வந்தன. சந்தோஷம், கோபம், துக்கம், பயம், வெறுப்பு, அமைதி. கடைசியில் மரியாதை.

"இதென்னுங்க, மரியாதையெல்லாம் இருக்குது?" என்றேன்.

"மேல இருந்து வந்ததுல இது கிடையாதுங்க்கா. நம்ம பக்கத்துப் பெத்தவங்க எல்லாருமே, எங்க பிள்ளைங்க பெரியவங்க முன்னால இருக்கறதுக்குச் சொல்லே இல்லியேன்னு கேட்டாங்க. அப்பறந்தான் சேத்தாங்க."

அதுவரை பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமா, அக்காவின் வீட்டுக்காரர், தலையை ஆட்டினார். "அது இருந்தாத்தானுங்க பிள்ள," என்றார்.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். குழந்தைவேல் என்று பெருந்துறையில் கேட்டால் தறிக்குடோன் வைத்திருப்பவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பதில் சொல்வார்கள். பெண்டாட்டி பிள்ளையின் மேல் கை வைத்த மனிதர் இல்லை. குடி, சீட்டு எதுவும் கிடையாது. அவர் சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது, அவர் ஒரு தரம் சொன்னதை இன்னொரு தரம் சொல்ல வைக்கக்கூடாது, அவ்வளவுதான். புருஷன் சரியில்லை என்று நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஒரு கேள்வி கேட்காமல் மாடியைத் திறந்துவிட்டவரும் அவர்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஊரிலுள்ள ஆம்பிளைகளையெல்லாம் திட்டித் தீர்க்கிற நான்கூட, அவர் வண்டிச் சத்தம் கேட்டால் துப்பட்டாவைச் சரிசெய்துகொள்வேன்.

சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டதும் மிதுனா டிவியை அணைப்பாள், எழுந்து நிற்பாள், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வாள். காப்பு வந்தபிறகு அந்த நேரத்தில்தான் போன் தவறாமல் மணியடித்தது. அவள் நாடியில் ஏதோ புதிதாக நடந்திருக்கவேண்டும், இதற்கு என்ன பெயர் என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா பெருமையோடு மரியாதையைத் தொடுவாள். நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். "நல்லா அமுக்குக்கா, அப்பங்கிட்ட அவ்வளவு மரியாத," என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறேன்.

பயம் என்ற சொல்லை ஒருமுறைகூட யாரும் தொடவில்லை. "எம்புள்ளைக்குப் பயமெல்லாம் கிடையாது," என்று அக்கா நஸ்ரினிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது.

பாடம் முடிந்து காப்பு தானாகச் சொல்ல ஆரம்பித்தது. ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பானிபூரி தின்றால் சந்தோஷம் என்று வரும், கணக்கு டியூஷனுக்குக் கிளம்பினால் வெறுப்பு என்று வரும். ஒருநாள் அக்காவும் மிதுனாவும் ஏதோ துணி விஷயமாக மல்லுக்கு நின்றார்கள். நடுவில் மிதுனா சட்டென்று நிறுத்தி, அக்காவின் போனை எட்டிப் பார்த்து, "அம்மா, நான் இப்ப கோவமா இருக்கனா?" என்று கேட்டாள்.

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக அந்த வளையத்தைக் கழற்றி எறியவேண்டும் போலிருந்தது.

அதன்பிறகு வந்தது விடுதிப் பள்ளி. மலையடிவாரத்தில் ஒருவர் புதிதாகத் தொடங்கியிருந்தார். கந்தப்பன் என்று பெயர், பிள்ளைகளும் பெற்றவர்களும் தாளாளர் ஐயா என்பார்கள். ஒழுக்கம் கற்பிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பேச்சு. ஒன்பதாம் வகுப்பு முடியட்டும், அங்கே சேர்த்துவிடலாம் என்று மாமா முடிவெடுத்தார். ஆனால் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் விடுதியில் சேர்க்கக்கூடாது என்று அதற்குள் சட்டம் வந்திருந்தது. அதனால் மூன்று நாள் தங்கிப் பார்க்க அனுப்பினார்கள்.

அந்த மூன்று நாளும் அக்காவின் போனில் ஒரே சொல்தான். மரியாதை, மரியாதை, மரியாதை. எண்ணும் உச்சத்திலேயே நின்றது. அக்கா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்தாள். "தாளாளர் ஐயா மேல எப்படியாப்பட்ட மரியாதன்னு பாரேன்," என்றாள் என்னிடம்.

மிதுனா திரும்பி வந்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் குளிக்கப் போனால் கதவைச் சாத்தவில்லை. உடம்பில் ஒரு இஞ்ச் தெரிந்தாலே கத்துகிற பெண், குளியலறைக் கதவை முழுக்கத் திறந்துவைத்து, அது தானாக மூடிக்கொள்ளாமல் ஒரு பக்கெட்டையும் முட்டுக் கொடுத்துவிட்டுக் குளித்தாள். படுக்கையறைக் கதவுக்கும் அப்படியே. அக்கா திட்டினாள். மிதுனா சரி என்றாள், மறுநாளும் பக்கெட்டை வைத்தாள்.

ஒருநாள் மாடிக்குக் கூட்டிவந்து உட்காரவைத்துக் கேட்டேன். "ஏங்கண்ணு, அங்க ஏதாச்சும் நடந்துதா?"

"ஒண்ணுமில்ல சித்தி."

"அங்க போய்ச் சேர உனக்கு இஷ்டந்தானா?"

ரொம்ப நேரம் யோசித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கணக்குக்கு விடை தேடுகிறவள் மாதிரி யோசித்தாள். "உள்ள குளிருது சித்தி. ஒரு மாதிரி இருக்கு," என்றாள். கையைத் தொட்டுப் பார்த்தேன். பங்குனி வெயிலில் அது ஃபிரிட்ஜுக்குள் வைத்த கை மாதிரி இருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. எதற்கு என்று தெரியாத பயம், அதுதான் மோசமானது. அன்றைக்கே நஸ்ரினுக்குப் போன் போட்டேன்.

"பிள்ளைக்கு இஷ்டமில்லம்மா. முகத்தப் பாத்தாலே தெரியுது," என்றேன்.

"வேண்டாம்னு சொன்னாளாங்க?"

"அவளுக்குத்தான் சொல்லத் தெரியாதுன்னு நீங்களே சான்றிதழ் குடுத்துட்டீங்களே."

நஸ்ரின் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, பதினெட்டு வயசு வரைக்கும் காப்பு சொல்றதுதான் அவ சொல்றதுங்க. மரியாதையும் அமைதியும் எண்பதுக்கு மேல இருந்தா சம்மதம்னுதான் எடுத்துக்குவாங்க. சேக்கற அன்னைக்கு வாசல்ல ஒரு தடவ பாப்பாங்க, அதுலயும் அப்படியே இருந்துச்சுன்னா கையெழுத்துத்தான்."

"நான் போய் ஆட்சேபம் சொல்றேன்."

"அம்மாவோ அப்பாவோ சொன்னாத்தானுங்க செல்லும்," என்றாள். வைப்பதற்கு முன்னால், "மன்னிச்சுக்கோங்க்கா," என்றும் சொன்னாள்.

மாமாவிடம் பேசினேன். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, கையைப் பிசைந்துகொண்டு, பிள்ளை பயந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இத்தன லட்சம் போட்டுக் கண்டுபுடிச்ச மெஷின் பொய் சொல்லுமா பூங்கொடி? நாளைக்குப் பிள்ளையச் சேக்கப் போகோணும், நம்ம காரு சர்வீசுக்குப் போகுது. நீயே உன் வண்டிய எடு," என்றார். நானும் தலையை ஆட்டினேன். அவர் முன்னால் வேறு என்ன செய்து பழக்கம் எனக்கு?

காலையில் கிளம்பினோம். நான் ஓட்டினேன், மாமா பக்கத்தில். பின்னால் அக்காவும் மிதுனாவும், நடுவில் ஒரு புதுப் பெட்டி. மிதுனா நான் சொல்லாமலேயே அவள் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள். காற்று அறைந்தது, யாரும் ஏற்றச் சொல்லவில்லை. வழியெல்லாம் எப்படி வண்டியைத் திருப்புவது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். பஞ்சர் என்று சொல்லலாமா, இன்ஜின் சூடாகிவிட்டது என்று சொல்லலாமா. சொன்னாலும் நாளைக்கு இன்னொரு வண்டி.

மலை தெரிய ஆரம்பித்த இடத்தில் சாலை குறுகும். எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அதை முந்திக்கொண்டு ஒரு லாரி எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டது. ஹாரன், வெளிச்சம், லாரியின் முகப்பு, எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணாடி முழுக்க நிறைந்தது. நான் ஸ்டியரிங்கை ஒடித்து மண்ணில் இறக்கினேன். வண்டி குலுங்கி, ஒரு புளியமரத்துக்கு முழத் தூரத்தில் நின்றது. லாரி நிற்காமல் போய்விட்டது.

நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டேன். மாமா டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அக்கா தாலிக்கொடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றாள். கண்ணாடியில் மிதுனாவைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

அக்காவின் மடியில் போன் மணியடித்தது. பழக்கதோஷத்தில் அவள் வாய்விட்டே படித்தாள்.

"மிதுனா. மரியாதை. தொண்ணூத்தேழு."

நான் சிரித்தேன். நல்ல சிரிப்பு இல்லை அது, எங்கிருந்து வந்தது என்றும் தெரியவில்லை. "ஏங்க்கா, லாரிக்காரனுக்கா மரியாத?" என்றேன்.

"மெஷின் கெட்டுப்போச்சு," என்றார் மாமா. "அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லோணும்."

"கெடலீங்க மாமா. நாம என்ன பேரு சொல்லிக் குடுத்தமோ, அந்தப் பேரச் சொல்லுது."

நான் இப்படி அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசியது அதுதான் முதல் தரம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா போனில் விரலை ஓட்டினாள். விடுதியில் இருந்த மூன்று நாளுக்குப் போனாள். அங்கேயும் இதே சொல், இதே எண், பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை. லாரி இருந்தது ஒரு நிமிஷம்கூட இல்லை. அக்காவின் தொண்டையிலிருந்து அழுகையா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. மிதுனாவின் தோளைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டாள். ஆனால் இன்னொரு கையில் போன் இருந்தது, விரல் இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது. விடுதிக்குப் போனதற்கு முந்தின வாரம், அதற்கும் முந்தின வாரம். சட்டென்று போனைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டாள்.

"என்னது அது? இங்க குடு," என்றார் மாமா.

"வேண்டாமுங்க."

"குடுன்னு சொன்னேன்."

அவரை இரண்டாம் தரம் சொல்லவைத்துவிட்டாள் என் அக்கா. அப்புறமும் கொடுக்கவில்லை. அவர் கையை நீட்டி எடுத்துக்கொண்டார்.

அவர் படிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். தினமும் சாயங்காலம், கேட் திறக்கும் நேரம், மரியாதை. எண்ணும் கிட்டத்தட்ட அதேதான். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருக்கும் நாளில், பகல் முழுக்க. அவர் வெளியூர் போயிருந்த நாட்களில் சந்தோஷம், கோபம், வெறுப்பு என்று எல்லாச் சொல்லும் கலந்துகட்டி வந்திருந்தன. அவர் மேலும் கீழும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். வேறு மாதிரி ஒரு நாள் கிடைக்குமா என்று தேடினார் என்று நினைக்கிறேன்.

பிறகு இருக்கையில் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். நான் அதுவரை கேட்டிராத குரலில், ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"ஏஞ்சாமி, என்னக் கண்டா உனக்குப் பயமா?"

மிதுனா அக்காவின் அணைப்பிலிருந்து விலகி நேராக உட்கார்ந்தாள்.

"இல்லீங்கப்பா," என்றாள்.

அவர் கையிலிருந்த போன் மணியடித்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் யாருக்கும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

மாமா கதவைத் திறந்து இறங்கினார். செருப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டார். "வண்டிய ஊட்டுப் பக்கம் திருப்பு பூங்கொடி," என்று சொல்லிவிட்டு, நாங்கள் வந்த வழியாகவே சாலையோரமாக நடக்க ஆரம்பித்தார். போன் அவர் கையில் இருந்தது.

நான் வண்டியை எடுத்து, திருப்பி, மறுபக்கத்தில் நிறுத்தினேன். இப்போது முன்கண்ணாடி வழியாக அவருடைய முதுகு தெரிந்தது. ஒரு பாலம் வந்ததும் நின்றார். போனைப் பார்த்தார். மறுபடி நடந்தார். டீக்கடைப் பலகை ஒன்று இருந்தது, அதைத் தாண்டி நின்று பார்த்தார். தலையை லேசாக ஆட்டிக்கொண்டு மறுபடி நடந்தார்.

"எங்கடி போறாரு இந்த மனுசன், இந்த வெயில்ல?" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

எனக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு தூரம் போனால் அந்தச் சொல் மாறும் என்று பார்க்கிறார். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த மனிதரை நினைத்து எனக்கு அழுகை வந்தது. அதே நேரம், நில்லாதே, இன்னும் போ, இன்னும் போ என்று என் மனசு அவரை விரட்டிக்கொண்டும் இருந்தது.

பெட்ரோல் பங்கையும் தாண்டி, வெறும் வெள்ளை வேட்டியாக மட்டும் தெரிகிற தூரத்தில் அவர் நின்றார். போனை ரொம்பநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கே கிடந்த ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் பெட்டி நகரும் சத்தம் கேட்டது. மிதுனா அதைத் தள்ளி, முன் இருக்கையின்மேல் கையை ஊன்றி என் பக்கம் சாய்ந்தாள்.

"சித்தி."

"சொல்லு கண்ணு."

"ஹாஸ்டல்ல அந்த ரூமுக்கு ஜன்னலே கிடையாது."

அக்கா எதையோ கேட்க வாயைத் திறந்தாள். நான் கையைப் பின்னால் நீட்டி அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். "அப்பறம்?" என்றேன்.

மிதுனா கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். அவர் எழுந்து வருகிறாரா என்று பார்த்தாள். வரவில்லை, அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.